ஓரேப் – 7

கிறிஸ்தவப் பாட்டில் ராவுத்தருக்கு என்ன வேலை என்பார்கள்.
பர்மிய எழுத்தைப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவன்
ஐம்பத்தோராம் தெருவில் அன்றைக்கு நான்தான்.
பாட்டுக்கு மூன்று கியாட், ஒரு குவளைத் தேநீர்.
தணிக்கை அலுவலகத்துக்கு நான்கு படி.
கார்பன் நீலம் லேசில் போகாது;
ஜும்மாவுக்கு ஒளு செய்யும்போதும்
நகக்கண்ணில் கொஞ்சம் அல்லேலூயா இருக்கும்.

ஞானாதிக்கம், அடையாள அட்டையில் கோ தீன் மாங்,
சைக்கிள் கடைக்கு மேல் மாடியில்
இரண்டு டெக், ஒரு மைக், எட்டுப் போர்வை வைத்திருந்தார்.
தவிலடித்துத் துதிப்பதா என்று பாஸ்டர் முகம் சுளிக்க
"சரி, நானே போட்டுக்கொள்கிறேன்" என்று வெளியே வந்தார்.
அப்படிப் பிறந்தது ஓரேப் ஒலிநாடா.
ஒன்று முதல் ஆறு வரை
விற்றது மொத்தம் இருநூற்றுப் பதினான்கு.

புது நாடா ஏது?
மியாவடி வழியாக வந்த தாய்லாந்து சினிமாப் பாட்டை
அழித்துப் பதிவோம். முழுதாக அழியாது.
இரண்டு கீர்த்தனைக்கு நடுவே
யாரோ ஒருத்தி மூன்று நொடி சிணுங்குவாள்.
"இருக்கட்டும் அண்ணே, அவளும் கேட்கட்டும்" என்பாள் எப்சிபா.
இன்சின் போகும் ரயில் வந்தால் நாங்கள் நிறுத்துவோம்.
மின்சாரம் போனால் அதுவே நிறுத்தும்.

ஏழாவது நாடாவில் வந்தது வினை.
எப்சிபா கட்டிய வரி:
அரசர் வாசலில் நிற்கிறார், பூட்டைத் திற.
அதிகாரி பேனாவை மூடினார்.
எந்த அரசர்?
எந்த வாசல்?
பூட்டு என்று யாரைச் சொல்கிறீர்கள்?
எண்பத்தைந்தாம் வருடம்.
இந்த மூன்று கேள்விக்கும் இன்சினில் அறைகள் இருந்தன.

ஞானாதிக்கம் வாய் திறக்குமுன் நான் சொன்னேன்:
"தட்டச்சுப் பிழை ஐயா. மாப்பிள்ளை.
மாப்பிள்ளை வந்துவிட்டார், கதவைத் திறங்கள்."
அவர் சிரித்தார். தன் மகளுக்கும்
நாள் பார்த்திருப்பதாகச் சொன்னார்.
முத்திரை விழுந்தது.

தெரு முனை வரை ஞானாதிக்கம் பேசவில்லை.
"பொய் சொல்லிவிட்டீரே, ராவுத்தரே."
சாயங்காலம் அவரே வந்தார்,
மத்தேயுவில் விரல் செருகியபடி,
எண்ணெய் வாங்கப் போன ஐந்து பெண்களின் பக்கத்தைக் காட்டினார்.
மாப்பிள்ளையும் அவர்தானாம்.
எனக்கென்ன தெரியும்?

அட்டையில் பர்மிய எழுத்தில் மாப்பிள்ளை என்று அச்சாகிவிட
கல்யாணப் பாட்டு என்று வாங்கினார்கள்.
தவில் வேறு இருக்கிறதே.
கம்பையில் செட்டியார் வீட்டுப் பந்தலில்,
பஹானில் ஒரு பர்மியக் கல்யாணத்தில்,
என் மைத்துனன் மகள் நிக்காஹ் முடிந்த பந்தியில்கூட
எப்சிபா பூட்டைத் திறக்கச் சொன்னாள்.
தமிழ் தெரிந்தவர்கள் மட்டும்
பிரியாணி வாயோடு ஒரு நொடி நிமிர்ந்தார்கள்.
நான்காயிரத்து முந்நூறு நாடா.

பணம் ஓவல்டின் டப்பாவில்.
இடம் அடைக்காது என்று
எழுபத்தைந்து கியாட் நோட்டுகளாக மாற்றி வைத்தார்.
சிங்கப்பூரில் எட்டுத் தட இயந்திரம் ஒன்றை
ஒரு மாலுமி பேசி முடித்திருந்தான்.
எண்பத்தேழு செப்டம்பர், ஒரு சனிக்கிழமை,
வானொலி சொன்னது:
இருபத்தைந்து, முப்பத்தைந்து, எழுபத்தைந்து
இனிச் செல்லாது.
மாற்றியும் தரமாட்டார்கள்.

நானும் எப்சிபாவும் மாடி ஏறினோம்.
அழுதுகொண்டிருப்பார் என்று நினைத்தேன்.
நோட்டு ஒன்றை நக அளவில் கத்தரித்துக்கொண்டிருந்தார்.
கேசட்டுக்குள் நாடாவை முன்னே தள்ளும் பஞ்சுத் துண்டு
மழை ஈரத்தில் சப்பிப்போய்க்
குரல் மங்குகிறது என்று ஆறு மாதமாகப் புகார்.
அதன் முதுகில் இரண்டு மடிப்பு வைத்து ஒட்டினார்.
போட்டுப் பார்த்தார்.
பூட்டைத் திற என்றது,
பக்கத்தில் நின்று சொல்வதுபோல்.

"நல்ல தாள்" என்றார். "அரசாங்கத் தாள்."
எப்சிபா இன்னொரு கத்தரி தேடினாள்.