பதினோரு பாகை

திருப்பூர் ஓட்டல்காரர் படம் மட்டும் அனுப்பியிருந்தார்:
கப்பலில் நின்று சூரியனை அளக்கும் வளையம்.
"அளவு கணக்கெல்லாம் வேண்டாமுங்க,
பழசாத் தெரிஞ்சாப் போதும்."

ஆவாரம்பாளையத்தில் கடல் இல்லை.
உடைந்த பம்புகளின் இம்பெல்லர்களை உருக்கினேன்,
கிணற்றுத் தண்ணீரை மட்டுமே சுற்றி அறிந்த வெண்கலம்.
அடி கனமாக, தலை மெலிசாக வார்த்தேன்.
காற்று புகுந்து போக நடுவில் நாலு வாசல்.
துளசிமணி பாகைக்கொரு கோடாக வெட்டிக்கொண்டே வந்தாள்.
நூற்றுப்பன்னிரண்டில் கரண்ட் போனது;
கோட்டிலிருந்து விரலை எடுக்காமல் இருட்டில் நின்றாள்.

ஆனி மாதம்.
கடலிலிருந்து எங்களுக்கு வருவது
பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஒன்றுதான்.
உச்சிவேளையில் அதில் தொங்கவிட்டோம்.
ஒரு துளையில் நுழைந்த வெயில்
மறு துளையில் புள்ளியாய் உட்காரும்வரை
முள்ளைத் திருப்பினாள்.
எழுபத்தாறு.

காலண்டர் தாளில் கணக்குப் போட்டுச் சிரித்தாள்:
"நம்ம பட்டறை தூத்துக்குடிகிட்டப் போயிருச்சுங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.
ராத்திரி அடிப்பக்கத்தின் இடது ஓரத்தை அராவினேன்,
தொங்கவிட்டேன், அராவினேன்.
ஒரு சிட்டிகைத் தூள் உதிர்ந்திருக்கும்.

மறுநாள் எழுபத்தெட்டு.
சூரியன் வடக்கே ஏறிய இருபத்துமூன்றில்
பன்னிரண்டு போக, பதினொன்று.
லேத்து, உலை, பேக்கரி, முக்கில் நிற்கும் வேம்பு,
எல்லாம் அதனதன் இடத்தில்.

பிறகு உப்பும் புளித்த மோரும் பூசி
முந்நூறு வருசம் பழசாக்கினேன்.
ஏசி போட்ட வரவேற்பறைச் சுவரில்
வெயில் படாமல் தொங்கும்.

பில்லில் என்ன பேர் போட என்று கேட்டாள்.
நானே வாங்கி எழுதினேன்:
அலங்காரப் பொருள், ஒன்று.