சேம் சைடு

நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர் நான்.
ஈரப்பதம் பார்ப்பேன், மூட்டைக்குச் சீட்டு எழுதுவேன்.
ஆங்கிலம் தெரியும் என்று யாரோ சொல்லிவைக்க
சாயங்காலங்களில் ஸ்காட்லாந்துக்காரருக்கு வாய் ஆனேன்.

அவர் பேசியதும் ஆங்கிலம்தானாம்.
முதல் வாரம் பிடிபட்டது நாலு சொல்:
பந்து, இடது, ஓடு, டீ.
மிச்சத்தை நானே போட்டுக்கொண்டேன்.
பையன்கள் நன்றாகத்தான் ஆடினார்கள்.

அலிஸ்டர் மக்ரே. இடதுபக்கத் தடுப்பாட்டம்.
பதினோரு வருஷம், நாலு கிளப்,
அடித்த கோல் மூன்று,
அதில் ஒன்று காற்று அடித்தது என்றார்.
முப்பத்திரண்டில் முழங்கால் போனது.
பிறகு கோச். மூன்று ஊரில் வேலை கொடுத்தார்கள்,
மூன்றிலும் கிறிஸ்துமஸுக்கு முன்னால் அனுப்பிவிட்டார்கள்.
கூத்தாநல்லூருக்கு வந்தது
பினாங்கில் கடை வைத்திருக்கும் ஜபருல்லா ராவுத்தர் செலவில்,
இரண்டு மாதத்துக்கு.

மைதானத்தில் பாதி நெல்.
தார்ப்பாய் மூடிய அடுக்கு கோல்கம்பங்களை மறைத்து நிற்கும்.
லாரி வரும், வரும் என்பார்கள்.
பந்து மூட்டைமேல் ஏறினால்
காவலாளி பக்கிரிசாமி திட்டிக்கொண்டே திருப்பி எறிவார்.
மேட்டூர் மூடி மூன்று மாதம்;
வெண்ணாற்று மணலில் ஓடவிட்டார் பையன்களை.
தானும் ஓடினார், நொண்டிக்கொண்டு, தக்காளி நிறத்தில்.

கோடை மழை கொட்டிய ஒருநாள்
தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்து சொன்னார்:
அரையிறுதி, கடைசி நிமிடம்,
கீப்பருக்கு என்று தட்டிய பந்து தன் வலைக்குள் போனது.
இருபத்தாறு வருஷம் கழித்தும்
மதுக்கடையில் யாராவது எழுந்து கைதட்டுவாராம்.
பையன்கள் என் முகத்தைப் பார்த்தார்கள்.
"மழை நிக்கட்டும்கிறார்" என்றேன்.

திருத்துறைப்பூண்டி செவன்ஸ். ஒன்றுக்கு ஒன்று.
ஆசிக் தலையால் முட்டி வெளியேற்றப் பார்த்தான்;
பந்து எங்கள் வலையில்.
கூட்டம் எழுந்து கத்தியது: சேம் சைடு! சேம் சைடு!

என்ன கத்துகிறார்கள் என்று கேட்டார்.
இங்கிலீஷ்தான் சார் என்றேன்.
புரியவில்லை அவருக்கு.
அவர் ஊரில் அது சொந்த கோல்;
பட்டா மாதிரி ஒருத்தன் பேரில்,
வில்லங்கம் இல்லாமல், சாகும்வரை.
சேம் சைடு, சேம் சைடு என்று
வெற்றிலை ஒதுக்குவதுபோல்
அந்தக் கன்னத்திலும் இந்தக் கன்னத்திலும் வைத்துப் பார்த்தார்.
பிறகு தண்ணீர் பாட்டிலோடு உள்ளே நடந்தார்.
நடுவர் விசில் ஊதுகிறார், ஊதுகிறார்,
இவர் ஆசிக்கிடம் என்னவோ சொல்கிறார்.
நான் கோட்டுக்கு வெளியே.

அப்புறம் விசாரித்தேன்.
"ஒண்ணும் புரியல சார்" என்றான்,
"ஆனா ரொம்ப நேரம் சொன்னாரு."

தோற்றுத் திரும்பிய இரவு லாரி வந்திருந்தது.
டார்ச் அடித்து மூட்டை எண்ணினேன்.
விடிகிறபோது ஒரு கம்பம் தெரிந்தது.
மற்றதற்கு இன்னும் நானூறு மூட்டை.