சார்ஜ்

ஸ்டான்லியில் காலை ஒன்பதே கால்.
எத்திராஜுலு, ஐம்பத்து நான்கு, பித்தப்பையில் கல்.
பேசின் பிரிட்ஜ் சிக்னல் கேபினில் இருபத்தாறு வருஷம்.
"நைட் டூட்டில ஒரு தபா கூட கண்ணசந்ததில்ல, மேடம்"
என்றார்,
என்மேல் புகார் எழுதப் போகிறவர் மாதிரி.

தூங்கவைக்கிறேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன்.
பொய்.
தூக்கத்தில் கொசு கடித்தால் கை தானாகப் போகும்.
இங்கே கத்தி இறங்கினாலும்
கை அது பாட்டுக்குக் கிடக்கும்.

பால் நிற மருந்து குழாயில் இறங்கியது.
கொஞ்சம் எரியுமா என்றேன்.
"ஆமா"வில் 'ஆ' மட்டும் வந்தது.
'மா' எங்கே நின்றுபோகிறது என்று
இத்தனை வருஷமாகியும் எனக்குத் தெரியாது.

நெற்றியில் ஒட்டிய பட்டையிலிருந்து திரைக்கு அலைகள்.
சற்று முன்புவரை பொடிப்பொடியாய்,
மின்ட் ஸ்டாண்டில் பஸ்ஸுக்கு முண்டும் கூட்டமாய்.
இப்போது அகலம், உயரம்,
அவசரமில்லாத ஒரே சீர்.

அணைந்துவிடவில்லை மூளை.
அவர் பாஷையில் சொன்னால்
மேலே கம்பியில் மின்சாரம் இருக்கிறது,
வண்டிகள் நின்ற இடத்தில் உறுமுகின்றன,
பாயிண்ட் மட்டும் மாறவில்லை.
வியாசர்பாடியில் நடப்பது சென்ட்ரலுக்குத் தெரியாது.
சர்ஜன் கேட்ட கத்திரிக்கோல்,
சிஸ்டரின் செல்போனில் மகன் அனுப்பிய 'டிங்',
எல்லாம் காது வழியாக உள்ளே போகின்றன.
கையெழுத்துப் போட்டு வாங்கத்தான் ஆள் இல்லை.

திரையில் எண் நாற்பத்தாறு.
ரொம்பக் கீழே விட்டால் அலை அறுந்து கோடாகும்.
மேலே விட்டால்
யாரோ கேட்கத் தொடங்கிவிடுவார்.

பதினொன்றேகாலுக்குக் கண் திறந்தார்.
"எப்ப ஆரம்பிப்பீங்க?"

முடிந்துவிட்டது என்றேன். நம்பவில்லை.
சுவரில் கடிகாரம் தேடினார்.
தூங்கி எழுந்தவன் உடம்பில் தூங்கிய நேரம்
படுக்கைச் சுருக்கமாவது பதித்துவைத்திருக்கும்.
இவருக்கோ
நடுவில் வெட்டியெடுத்து
இரண்டு முனையையும் வெல்டு வைத்தாயிற்று.

குழாய் உரசிய தொண்டையோடு கேட்டார்:
"எங்க கேபின்ல
அடுத்த ஆளு கையெழுத்து போடாம
படி எறங்க முடியாது.
ரெண்டு மணி நேரம்
சார்ஜ் யாருகிட்ட குடுத்தேன்?"

தாளைக் காட்டினேன்.
ஐந்து நிமிஷத்துக்கு ஒரு புள்ளி:
நாடி, அழுத்தம், மூச்சு.
அடியில் என் கிறுக்கல்.
ஊசி குத்திய கையின் விரலால்
ரிஜிஸ்டர் சரிபார்ப்பது போல் தொட்டுத் தொட்டுப் போனவர்
பத்து இருபதுக்கும் பத்து இருபத்தைந்துக்கும் நடுவில்
வெறும் கட்டத்தில் நிறுத்தினார்.
"இங்க?"

இருந்தேன் என்றேன்.

தான் இருந்தாரா என்று
அவர் கேட்கவில்லை.