இரண்டாவது சிவப்பு

பாலிக் பூலாவிலிருந்து வந்த ஜாதிக்காய் மரத்துண்டு
உள்ளே ஒரு விரிசலை வைத்துக்கொண்டு
வெளியே சாதுவாய்ச் சுழன்றது.
நிமிடத்துக்கு எண்ணூறு சுற்று.
நான் வால்முனைப் பக்கம் நின்று குடைந்துகொண்டிருந்தேன்.

முதலில் சத்தம் மாறியது.
டக், டக்,
உள்ளிருந்து யாரோ தட்டுவதுபோல.
நிறுத்தும் பொத்தான் தலைப்பக்கம்.
அதற்கும் எனக்கும் நடுவே அந்த மரம்.
கையை நீட்டுவதென்றால்
அதன் முகத்துக்கு முன்னால்தான் நீட்டவேண்டும்.

நீட்டவில்லை. குனிந்தேன்.
பாதிக் கிண்ணம் தலைக்குமேல் போய்
கார் நிற்கும் இடத்துத் தகரக் கூரையில் மோதி
பக்கத்து வீட்டு மிளகாய்த் தொட்டியில் விழுந்தது.
மீதிப் பாதி
ஒன்றும் தெரியாததுபோல
இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

வாசலில் நின்று கத்தினானாம் பரணீதரன்.
எனக்குக் கேட்கவில்லை.
மறுநாள் காலை காக் ரொஹானி
அந்தப் பாதியைத் திருப்பித் தந்தார்,
அதில் நான்கு மிளகாய்.
பரணி மூன்று நாள் பேசவில்லை.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
பதினேழு வருடமாய்
அடுத்தவர் பலகைகளில் பிழை தேடுகிறவள் நான்.
என் வீட்டுப் பிழை
கையெட்டாத இடத்தில் இருந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை, லோரோங் கூலிட்.
பழைய செருப்புக்கும் ஓடாத கடிகாரத்துக்கும் இடையில்
சிவப்புக் காளான் தலையோடு ஒரு பொத்தான்.
எந்தத் தொழிற்சாலையை எத்தனை முறை நிறுத்தியதோ.
பன்னிரண்டு வெள்ளி என்றார் தியோ.
பத்துக்குக் கேட்டேன்.
"இதற்கெல்லாமா பேரம் பேசுவது?" என்றார்.
பன்னிரண்டே கொடுத்தேன்.

ஒரு பிளாஸ்டிக் பெட்டி.
வேகத்துக்கு ஒரு குமிழ்.
முன்னும் பின்னும் சுற்ற ஒரு விசை.
முதுகில், உடைந்த ஸ்பீக்கர்களிலிருந்து பிடுங்கிய
நான்கு காந்தம்.
ஐந்து மீட்டர் வடம்.

முதல் ராத்திரி
யாரும் தொடாமலே வேகம் நடுங்கியது.
மோட்டார் வடத்தை ஒட்டி ஓடிய மெல்லிய கம்பி
அதன் பேச்சையெல்லாம் ஒட்டுக்கேட்டிருக்கிறது.
பிரித்தேன். வேறு வழியில் இழுத்தேன்.
கவசத்துக்கு ஒரு முனையில் மட்டும் நிலத்தொடர்பு;
இரு முனையிலும் கொடுத்தால் அதுவே புதுத் தொல்லை.

பிறகு, நிற்கும் நேரம்.
பதினொரு விநாடி தானாய் ஓய்ந்துகொண்டிருந்ததை
ஒன்றுக்குக் குறைத்தேன்.
எந்திரம் நின்றுவிட்டது, மரம் நிற்கவில்லை.
மரையில் கழன்று முன்னால் வந்து எட்டிப்பார்த்தது.
சரி, மூன்று விநாடி.
அதற்குமேல் எதையும் அவசரப்படுத்த முடியாது.

இரண்டு சிவப்பும் ஒரே வரிசையில்.
எதை அழுத்தினாலும் நிற்கும்.
எலி கடித்து வடம் அறுந்தாலும் நிற்கும்.
ஓடுவதற்குத்தான்
எல்லாரும் சம்மதிக்கவேண்டும்.

பரணி வந்து பார்த்தான்.
"எதுவரைக்கும் எட்டும்?" என்றான்.
வடத்தைச் சொல்கிறான் என்று நினைத்து
ஐந்து மீட்டர் என்றேன்.

மறுநாள் சாயங்காலம்
வால்முனையில் பெட்டி இல்லை.
வாசல் கிரில் கம்பியில் ஒட்டியிருந்தது.
பக்கத்தில் நாற்காலி, கோப்பி ஓ, அவன்.
எனக்கு ஒன்றரை மீட்டர் போதும்.
மீதி எங்கே போகும் என்று
நான் யோசித்திருக்கவில்லை.

அது என் கைக்கு எட்டத்தான் செய்தேன் என்று
சொல்ல வாயெடுத்து
சொல்லாமல்
மெர்பாவ் துண்டு ஒன்றை மாட்டினேன்.
ஒவ்வொரு சத்தத்துக்கும்
இப்போது நிறுத்திவிடுவான் என்று தோள் இறுகியது.
நிறுத்தவில்லை.
உளி பாடத் தொடங்கியபோது நானே மறந்துவிட்டேன்.

அப்போது நின்றது.
மூன்று விநாடி.
விரிசலைத் தேடினேன். இல்லை.
"என்ன?"
"காக் ரொஹானி துணி காயப்போட வருகிறார்.
தூசு."

காளான் தலை உள்ளேயே அழுந்திக் கிடந்தது.
வலப்பக்கம் திருகினால்தான் விடும்,
அவனுக்குத் தெரியாது.
போய்க் காட்டினேன்.
அழுத்தினான், திருகினான்,
இன்னொரு முறை அழுத்தினான்.

திரும்பும்போது பெட்டியைக் கையோடு எடுத்துவந்தேன்.
ஒன்றும் சொல்லாமல் வடத்தைச் சுருட்டித் தந்தான்.
ஞாயிற்றுக்கிழமை தியோவிடம் போகவேண்டும்.
பன்னிரண்டு வெள்ளி.
வரிசையில் இன்னும் ஒன்றுக்கு
இடம் இருக்கிறது.