கணக்கில் வராத கிலோமீட்டர்

இரண்டு வருஷமாக
என் ஓப்பலின் முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது.
பத்தூமி சாலையில் போலீஸ்காரன் மடக்கி
என்ன வேகத்தில் வந்தாய் என்றான்.
பூஜ்யம் என்றேன். குனிந்து பார்த்தான்.
பூஜ்யம்தான்.
சிரித்தான். சிரித்துக்கொண்டே அபராதம் எழுதினான்.

சனிக்கிழமை சுக்தீதியிலிருந்து ஓர் ஆள்
வண்டியைப் பார்க்க வருகிறான்.
முள்ளை எழுப்பிவிடலாமென்று
கியர்பாக்ஸுக்கு அடியில் முதுகு பதித்தேன்.
ஜாக்கியை நம்பாமல் இரண்டு வாதுமைக் கட்டைகள்,
அவற்றையும் நம்பாமல் கழற்றிய சக்கரம்.
விளக்குப் பிடிக்க வந்த பக்கத்து வீட்டு ஓத்தியா
விளக்கைத் தவிர எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருந்தார்:
சிகரெட், தேநீர், என் முடிவில் ஒரு குறை.

"அதை ஏன் தொடுகிறாய், நெஸ்தான்?
மீட்டர் நின்றது உனக்கு லாபம்.
இரண்டு லட்சத்து எண்பத்தேழாயிரம் என்று காட்டுகிறது.
காட்டட்டுமே."

பத்தாம் நம்பர் போல்ட் நல்ல பிள்ளையாக வந்துவிட்டது.
சென்சார்தான் வரவில்லை.
கட்டைவிரல் பருமன்கூட இல்லாத பிளாஸ்டிக் துண்டு,
உடும்பு தோற்றது.
இழுக்கக்கூடாது, முதலில் திருப்ப வேண்டும்,
இடம், வலம், இடம்,
ஒரு நூல் அசைந்தால் போதும்.
அசையவில்லை.
எஞ்சினைச் சூடாக்கிப் பார்த்தேன்.
துரு எண்ணெய் ஊற்றி
பீன்ஸ் வேகும்வரை காத்திருந்தேன்.

பிரேமன் நகரத்துப் பனிக்காலம் ஒன்பது
இந்த வண்டி பார்த்திருக்கிறது.
அங்கே சாலையெல்லாம் உப்புத் தூவுவார்களாம்.
அந்த உப்பு
நான்கு எல்லைகள் தாண்டி
குத்தாயிசியில், என் திராட்சைப் பந்தலுக்குக் கீழே,
அலுமினியத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில்
வெள்ளை மாவாக உட்கார்ந்திருக்கிறது.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
நினைத்துக்கொண்டிருந்தது.

மூன்றாவது திருப்பில் 'டப்' என்றது.
வந்துவிட்டது என்று ஓத்தியா கைதட்டினார்.
வந்தது தலை மட்டும்.
உடல் உள்ளே.

ஜெமால் போலந்திலிருந்து போன் செய்தான்.
"அதில் கை வைக்காதே, நான் வந்து பார்க்கிறேன்."
போகும்போதும் இதையேதான் சொன்னான்,
ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன் என்று.
எந்த ஞாயிறு என்று அவனும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
போனை ஓத்தியாவிடம் கொடுத்துவிட்டேன்,
அவர்கள் கால்பந்து பேசட்டும்.

உடைந்த குழியில்
கதவுக் கீலின் மரத்திருகு ஒன்றை
மெதுவாக ஏற்றினேன்.
பிடிக்கிற அளவுக்கு ஆழம்,
பிளக்காத அளவுக்கு நிதானம்.
சுத்தியலின் பிளந்த வாயைத் திருகின் கழுத்தில் கொடுத்து,
அடியில் மரத்துண்டு வைத்து,
மூச்சை நிறுத்தி
நெம்பினேன்.

பாட்டிலிலிருந்து தக்கை கழல்கிற அதே சத்தம்.
அதன் பின்னாலேயே
மூன்று சொட்டு கியர் எண்ணெய்
என் காதுக்குள்.

ஊதிப் பெருத்த ஓ-ரிங், வெள்ளைப் பொருக்கு,
நுனியில் இரும்புத்தூள் மீசை.
உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன்.
இவ்வளவுதானா நீ.

புதியதற்கு எண்ணெய் தடவி உட்காரவைத்து
ரியோனி பாலம்வரை ஓட்டினேன்.
முள் ஒருமுறை நடுங்கி
நாற்பதுக்கு எழுந்தது.
மீட்டரில் கடைசி எண் மெல்லப் புரண்டு
விட்ட இடத்திலிருந்து எண்ணத் தொடங்கியது,
நடுவில் ஒன்றுமே நடக்காதது போல.

ஒன்றுமே நடக்கவில்லையா?
வாரம் ஒரு நடை பத்தூமி சந்தைக்கு,
பின்சீட்டில் சுல்குனிக் கட்டிகள்,
போக வர முந்நூறு, நூற்று நான்கு வாரம்.
மழையில் வைப்பர் நின்று
ஜன்னலுக்கு வெளியே தலை நீட்டி ஓட்டியது
அதில் ஒரு வாரம்.

வீட்டுக்கு வந்து பானெட்டைத் திறந்தேன்.
உள்பக்கத் தகட்டைத் துடைத்து
சிவப்பு நகப்பூச்சால் எழுதினேன்:
மீட்டரோடு சேர்த்துக்கொள்ளவும், 31,200.

"இருநூறு லாரியாவது குறைப்பான்"
என்றார் ஓத்தியா.
குறைக்கட்டும்.
பூச்சு காயும்வரை
மூடாமல் நின்றேன்.