பின்னால் நின்று பார்

சாட்ஸ்வொர்த், இரவு ஏழே முக்கால்.
எட்டு மணிக்கு மின்வெட்டு;
பேட்டரி பாதிதான் குடித்திருக்கிறது.
புரொப்பெல்லரைக் கழற்றி
உப்பு டப்பாவோரம் வைத்தேன் –
போன மாதம் விரலில் நாலு தையல்.

குச்சியை வலப்பக்கம் தள்ளுகிறேன்.
சர்வோ சிணுங்குகிறது.
வலது இறக்கையின் மடல் எழவேண்டும்.
தாழ்கிறது.

“சரியாத்தானே இருக்கு?”
மூக்கைப் பிடித்தபடி சாக்ரன்.
“அது உன் வலது.
இந்தப் பக்கம் வந்து, வாலுக்குப் பின்னால் நின்று பார்.”
வந்தான். பார்த்தான். “ஐயோ” என்றான்.
மெனுவில் ஒரே சொல்: திருப்பு.
எழுந்தது.

கடைசியாக,
மோட்டார் ஓடும்போதே
ரிமோட்டை அணைத்தேன்.
என் கை எட்டாதபோது
தானாக அடங்கத் தெரிகிறதா?
அடங்கியது.

கூடவே தெருவும்.

இருட்டில், மேசைமேல்,
ரிசீவரின் சிவப்புப் புள்ளி
சிமிட்டிச் சிமிட்டி
என்னைத் தேடிக்கொண்டிருந்தது.