கிளட்சை மிதிக்கவும்

காசிமேட்டில் மணி மூணே முக்கால்.
பின்னால் பதினெட்டுக் கூடை சங்கரா,
மேலே ஐஸ், அதற்கும் மேலே தார்ப்பாய்.
பொத்தானை அழுத்தினேன்.
இன்ஜின் வரவில்லை, எழுத்து வந்தது:
கிளட்சை மிதிக்கவும்.

மிதித்துக்கொண்டுதான் இருந்தேன்,
இடுப்பு சீட்டைவிட்டு எழும்புகிற அளவுக்கு.

"இன்னாக்கா, தள்ளிப் பாக்கலாமா?"
தேசப்பன் தோள் கொடுத்தான். கூட மூன்று பேர்.
மீன்தண்ணியில் கால் வழுக்கியதுதான் மிச்சம்,
வண்டி நாலடி நகரவில்லை.

மறுபடி அழுத்தினேன். மறுபடி அதே வரி.

தண்டையார்பேட்டை ஷோரூமில் ஒருத்தர் கேட்டார்:
"வண்டி யாரும்மா ஓட்டுவாங்க?"
நான்தான்.
"சரிம்மா, ஓட்டப்போறது யாரு?"
நான்தான் சார்.
அவர் என் பின்னால் யாராவது வருகிறார்களா
என்று பார்த்துவிட்டுத்தான் பேனாவைத் திறந்தார்.

போன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்தேன்.
பெடலுக்கு அடியில் கோணி.
கால் வழுக்காமல் இருக்க நேற்று நானே விரித்தது,
சுருண்டு இரண்டு விரல் கனத்துக்கு.
கடைசி வரை இறங்கினால்தான் அந்த ஸ்விட்ச் தொடும்;
ஒரு நெல் அளவு பாக்கி.
அது பொய் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.

உருவி எறிந்தேன். மிதித்தேன்.
ஒரே தொடுகை.
விரலை எடுத்த பிறகும் தானே சுற்றி,
பிடித்ததும் தானே நிறுத்திக்கொண்டது ஸ்டார்ட்டர்.
தேசப்பன் பின்கதவை இரண்டு தட்டு தட்டினான்.

ஐஸ் பாதி இல்லை.
மணலியில் கூடையைக் குத்திக் குத்திப் பார்ப்பான் செபஸ்தி.
கோணியைக் காட்டினால்
நம்புவானா?